இட்லிப் பானைக்கும் ஓவனுக்கும் நடுவே ஓர் ஆப்பிள்

இட்லி பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். ஏறக்குறைய அதே அளவு மாவைக் கப் கேக்காக ஓவனில் வைத்தால் இருபது நிமிடம் பிடிக்கும். இட்லிப் பானைக்குள் வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸ். ஓவனுக்குள் 180. சூடு கூடிய இடத்தில் எதற்காக இரட்டிப்பு நேரம்?

இந்தக் கேள்வியை மும்பையின் தாராவியில் வைத்துக் கேட்பதுதான் பொருத்தம். தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து குடியேறியவர்களின் வாரிசுகள் இங்கே பல தெருக்களில் இருக்கிறார்கள். விடிவதற்கு முன்பே சந்துகளில் இட்லி வெந்துகொண்டிருக்கும். வெளிச்சம் வரும்போது அது சைக்கிளில் ஏறி, ரப்பர் ஹாரன் சத்தத்தோடு மும்பை முழுக்கப் போகும். ஆவியைப் பற்றி இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் பத்துக்குப் பத்து அறை, அதில் இரண்டு பர்னர் அடுப்பு, மேலே பரண், பரண் நிறையப் பாத்திரம் என்று இருக்கிற வீட்டில் ஓவனுக்கு ஏது இடம்? இருந்தாலும் ஆகஸ்டு பிறந்து, 90 அடி சாலையில் தள்ளுவண்டிகள் சிவந்ததும், சில வீடுகளில் ஆப்பிள் கேக் வேகும். குக்கரில்தான் வேகும். ஓவன் வாங்காமலே ஓவனை உண்டாக்கும் அந்த வித்தையைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் இட்லிக் கணக்கு. 1760களில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் என்ற வேதியியல் அறிஞர், கொதிக்கும் தண்ணீர் எவ்வளவு சூட்டை வாங்கினாலும் வெப்பநிலை ஏறாமல் நிற்பதைக் கவனித்தார். வாங்கிய சூடு எங்கே போகிறது? ஆவியாவதற்குச் செலவாகிறது. 28 டிகிரியில் இருக்கும் 1 கிராம் தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுபோக 72 கலோரி போதும். அதே 1 கிராமை ஆவியாக்க இன்னும் 540 கலோரி வேண்டும். ஆவி குளிர்ந்து மறுபடி தண்ணீரானால் அந்த 540 கலோரியும் அப்படியே திரும்பி வரும். இட்லித் தட்டில் நடப்பது இதுதான். மாவு குளிர்ந்திருக்கிறது, அதன்மேல் படும் ஆவி தண்ணீராகிறது, ஆகும்போது சுமந்து வந்த வெப்பத்தை மாவிடம் கொட்டிவிடுகிறது. உடனே அடுத்த ஆவி வருகிறது.

உலர்ந்த காற்றுக்கு இந்தக் கொடை கிடையாது. ஐந்து லிட்டர் குக்கரை மூடிவைத்தால் அதற்குள் இருக்கும் காற்றின் எடை 6 கிராம்தான். 180 டிகிரிக்குச் சூடேற்றினால் அது விரிந்து, நாலு கிராம்கூட உள்ளே மிஞ்சாது. இத்தனை சொற்பக் காற்று எவ்வளவு சூட்டைச் சுமந்துவிடும்? சூடான ஓவனுக்குள் கையை விட்டு ஒரு நொடியில் எடுத்தால் ஒன்றும் ஆவதில்லை. இட்லிப் பானை மூடியைத் திறக்கும்போது அசட்டையாக இருந்தால் விரல் பொத்துப்போகும். வெப்பநிலை என்பது வேறு, வெப்பம் கைமாறும் வேகம் என்பது வேறு. பள்ளிக்கூடத்தில் இந்த வேறுபாட்டை விளக்க ஆசிரியர்கள் ஏதேதோ சொல்வார்கள். இட்லிப் பானையைக் காட்டினால் போதும் என்று எனக்குத் தோன்றும்.

அப்படியானால் ஆவியை விட்டுவிட்டு ஓவனைத் தேடுவானேன்? ஆவிக்கு ஒரு வரம்பு இருக்கிறது. பண்டத்தில் ஈரம் இருக்கும் வரை அதன் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டாது. குக்கரில் வெயிட் போட்டால் அழுத்தத்தால் 120 வரை ஏறும்; அங்கேயும் ஈரம்தான். உணவு பொன்னிறமாவதற்கு அது போதாது. 1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மெயார், சர்க்கரையையும் அமினோ அமிலங்களையும் சேர்த்துச் சூடாக்கினால் பழுப்பு நிறமும் மணமும் பிறப்பதை விவரித்தார். தோசையின் முறுகல், வறுத்த காப்பிக்கொட்டையின் வாசம், பாவ் ரொட்டியின் மேல்தோல் எல்லாம் அந்த வினையின் பிள்ளைகள். அது சமையலறை வேகத்தில் நடக்க 140 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். அதாவது மேற்பரப்பில் தண்ணீர் வற்றியிருக்க வேண்டும். இட்லி வெள்ளையாகவே இருப்பதற்கும் தோசை சிவப்பதற்கும் மாவு காரணமில்லை, தண்ணீர்தான் காரணம்.

தண்ணீரை விரட்டினால்தான் கேக். ஆனால் நாம் உள்ளே வைக்கப்போவதோ ஆப்பிள். அதன் எடையில் 85 சதவீதம் தண்ணீர்.

குக்கரை முதலில் பார்த்துவிடுவோம். கேஸ்கட்டைக் கழற்றிவிட வேண்டும், வெயிட் போடக் கூடாது. இந்த இரண்டையும் செய்ததும் அது பிரஷர் குக்கர் என்ற பெயருக்குத் தகுதி இழந்து, மூடியுள்ள கனத்த அலுமினியப் பாத்திரமாகிவிடுகிறது. அழுத்தம் ஏறாது, ஆவி தங்காது. அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குக் கல் உப்பு அல்லது மணல். அதன்மேல் ஒரு வளையம் அல்லது கவிழ்த்த கிண்ணம். அதன்மேல் கேக் தகரம்.

உப்பு எதற்கு? பலரும் சொல்லும் பதில், உப்பு சூட்டைப் பிடித்துவைக்கும் என்பது. அதில் பாதி உண்மை. ஒரு கிலோ உப்பு 28 டிகிரியிலிருந்து 200 டிகிரிக்குப் போக ஏறக்குறைய 150 கிலோஜூல் வாங்கிக்கொள்ளும். எடைக்கு எடை பார்த்தால் அலுமினியமும் கிட்டத்தட்ட அவ்வளவேதான் வாங்கும். உப்பின் பெரிய வேலை வேறு. கட்டி அலுமினியம் சூட்டைச் சிட்டாகக் கடத்தும். உப்புப் பரல்களுக்கு நடுவில் காற்று இருப்பதால் உப்புப் படுகை மிக மெதுவாகத்தான் கடத்தும். வேறுபாடு பல நூறு மடங்கு. சுடர் நேராகப் படும் இடத்தில் அடிப்பாகம் கொதித்துக்கொண்டிருந்தாலும், படுகையைக் கடந்து மேலே வரும் சூடு நிதானமாகவும் பரவலாகவும் வரும். கடலை வறுக்கிறவர் இரும்புச் சட்டியில் மணலைப் போட்டு வறுப்பதும் பாதி இதற்காகத்தான். அங்கே மணல் கடலையை நாலு பக்கமும் மூடிக்கொள்கிறது. இங்கே உப்பு அடியிலேயே நிற்கிறது.

மிச்ச வேலையைச் சுவர் செய்கிறது. சூடான சுவர் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை உள்ளே வீசுகிறது. பளபளக்கும் புது அலுமினியம் இதில் படுமோசம். கதிரை வீசவும் செய்யாது, வாங்கவும் செய்யாது. நிறம் மங்கிப்போன பழைய பாத்திரமே மேல். கேக் தகரமும் அப்படியே. புதுசாகப் பளிச்சென்று இருப்பதைவிடக் கறுத்த தகரத்தில் ஓரம் நன்றாகச் சிவக்கும். பரணில் கிடக்கும் பழைய சாமானுக்கு இப்படி ஒரு மதிப்பு.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறை உண்டு. சூடு முழுக்கக் கீழிருந்து வருகிறது. மூடி வெளிக்காற்றில் சூட்டை இழந்துகொண்டே இருக்கும். ஆகவே கேக்கின் அடி சிவந்து, தலை வெளுத்துப்போய் நிற்கும். கோவாவில் பெபிங்கா சுடுகிறவர்கள் இதற்குத் தலைகீழாக, மூடிமேல் தேங்காய்ச் சிரட்டைக் கங்கைப் போட்டு மேலிருந்து சூடு கொடுப்பார்கள். ஒவ்வொரு அடுக்காக ஊற்றி, ஒவ்வொன்றையும் மேலிருந்து சுடுவார்கள். தாராவிச் சந்தில் கங்குக்கு எங்கே போவது? வேறு வழி இருக்கிறது. கேக்கையே தலைகீழாகச் செய்வது. ஆப்பிளை அடியில் அடுக்கி, மாவை மேலே ஊற்றி, வெந்ததும் தட்டில் கவிழ்த்துவிடுவது. எந்தப் பக்கம் அதிகம் சிவக்கிறதோ அது மேலே வந்துவிடும். வெளுத்த தலை அடியில் ஒளிந்துகொள்ளும். பிரான்ஸில் லாமோத் பொவ்ரோன் என்ற சிற்றூரில் ததான் சகோதரிகள் நடத்திய விடுதியின் பெயரால் உலகப் புகழ் பெற்ற ஆப்பிள் பண்டமும் இப்படிக் கவிழ்ப்பதுதான். அவர்கள் எந்தச் சிக்கலைத் தீர்க்க அப்படிச் செய்தார்கள் என்பதற்கு ஆளுக்கொரு கதை உண்டு. நமக்குச் சிக்கலும் தெரியும், தீர்வும் தெரியும்.

இனி ஆப்பிள்.

நாம் வாங்கும் சிவப்பு ஆப்பிளின் வரலாறு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு தோட்டத்தில் தானாக முளைத்த கன்றிலிருந்து தொடங்குகிறது. அதை ஸ்டார்க் சகோதரர்கள் நிறுவனம் வாங்கி டெலிஷியஸ் என்று விற்றது. சிம்லாவுக்கு அப்பால் கோட்கரில் குடியேறியிருந்த சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் 1916 வாக்கில் அந்த நாற்றுகளை இமாச்சலத்துக்குக் கொண்டுவந்தார். பின்னாளில் அவர் சத்யானந்த் ஆனார், விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார், கோட்கர் மலைகளின் பொருளாதாரத்தையே மாற்றினார். இமாச்சல ஆப்பிள் ஆகஸ்டிலும் காஷ்மீர் ஆப்பிள் செப்டம்பர், அக்டோபரிலும் மும்பைக்கு மும்முரமாக வரும். வாஷி மொத்தச் சந்தையில் இறங்கி, அங்கிருந்து மாட்டுங்கா கடைகளுக்கும் தாராவி வண்டிகளுக்கும் பிரியும்.

ஒரு ஆப்பிளைப் பறித்த உடனே வேகவைத்தால் ஒரு மாதிரி, ஆறு மாதம் கழித்து வேகவைத்தால் வேறு மாதிரி. ஏன்? பழம் பறித்த பின்னும் மூச்சு விடுகிறது. சேமிப்புக் கிடங்கில் வெப்பநிலையை 0 டிகிரியை ஒட்டி இறக்கி, ஆக்சிஜனை 21 சதவீதத்திலிருந்து 1 முதல் 3 சதவீதத்துக்குக் குறைத்தால் அந்த மூச்சு மந்தமாகும். பழம் கோடை வரை தாங்கும். சிம்லா மாவட்டத்தில் 2006 வாக்கில் இத்தகைய பெரிய கிடங்குகளைக் கட்டியது அதானி குழுமம். 2023இல் தாராவி மறுசீரமைப்புத் திட்டம் போய்ச் சேர்ந்ததும் அதே குழுமத்தின் கைக்குத்தான். தகுதி பெறும் குடும்பங்களுக்கு 350 சதுர அடி வீடு என்கிறார்கள். அதில் ஓவன் வைக்க இடம் இருக்குமா என்று நான் கேட்டால் யாரும் சிரிப்பார்கள். முதலில் யாருக்கு அந்த வீடு என்ற கேள்வியே இங்கே தீரவில்லை.

கிடங்கு மூச்சைக் குறைக்குமே தவிர, முதுமையை நிறுத்தாது. ஆப்பிள் சதை கோடிக்கணக்கான செல்களால் ஆனது. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே பெக்டின் என்ற பொருள், செங்கல்லுக்கு நடுவே சாந்து போல, ஒட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இதைத் தனிப் பொருளாகப் பிரித்து 1825இல் விவரித்தவர் ஆன்றி பிராகொன்னோ என்ற பிரெஞ்சுக்காரர். புதுப் பழத்தைக் கடித்தால் பெக்டின் விடாது. செல்லே உடைந்து சாறு தெறிக்கும். அதுதான் நறுக்கென்ற சத்தம். நாள்பட்ட டெலிஷியஸில் பெக்டின் தளர்ந்துவிடும். பல் பட்டதும் செல்கள் உடையாமல் ஒன்றைவிட்டு ஒன்று நழுவும். சாறு உள்ளேயே பூட்டிக் கிடக்க, வாயில் மாவு மாவாகப் படும். தண்ணீர் குறைந்துவிட்டது என்று நினைப்போம். தண்ணீர் இருக்கிறது, வெளியே வரத்தான் இல்லை.

சூட்டிலும் இதே கதை, வேகமாக. 80 டிகிரியைத் தாண்டினால் பெக்டின் கரையத் தொடங்கும், செல் சுவர்கள் தளரும், துண்டு குழைந்து சாற்றை விடும். சதையின் பருமனில் கால் பங்குக்கு அருகே காற்று வேறு இருக்கிறது. ஆப்பிள் தண்ணீரில் மிதப்பது அதனால்தான். அந்தக் காற்று சூட்டில் விரிந்து வெளியேறும்போது துண்டு சுருங்கி அமிழும். இரண்டு ஆப்பிளைத் தோலும் கொட்டையும் நீக்கி நறுக்கினால் 240 கிராம் தேறும். அதில் ஏறக்குறைய 200 கிராம் தண்ணீர். 150 கிராம் மைதா தாராளமாக உறிஞ்சக்கூடியது 90 கிராம்தான். முட்டை கொண்டுவரும் தண்ணீர் வேறு. கணக்கு எங்கே இடிக்கிறது என்று தெரிகிறதா? பச்சைத் துண்டுகளை அப்படியே அடுக்கி மாவை ஊற்றினால் அடியில் கஞ்சி நிற்கும்.

இங்கே ஆப்பிளே நமக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அதன் செல் சுவரில் பெக்டின் மெத்தில் எஸ்டரேஸ் என்ற நொதி உண்டு. 60, 65 டிகிரி சூட்டில் அது சுறுசுறுப்பாகும். பெக்டின் சங்கிலியில் சில முனைகளை அது திறந்துவிடும். பழத்தில் உள்ள கால்சியம் அந்த முனைகளைப் பிடித்து இரண்டு சங்கிலிகளைச் சேர்த்துக் கட்டிவிடும். 80 டிகிரிக்கு மேல் நொதி செத்துவிடும், ஆனால் போட்ட கட்டு நிற்கும். ஆகவே துண்டுகளை நேரே கொதிக்கவிடாமல், கை பொறுக்காத சூட்டில், கொதி வராமல், பத்து நிமிடம் வைத்திருந்து எடுத்தால் அதன்பின் வேகவைத்தாலும் வடிவம் எளிதில் குலையாது. இந்த இடைவழிச் சூடுதான் நல்ல ஆப்பிள் பண்டத்துக்கும் ஆப்பிள் கூழுக்கும் உள்ள வேறுபாடு. பிரமாதமான ஓவன் வைத்திருந்து இதை விட்டுவிட்டவர்களின் கேக்கும் அடியில் நசநசத்துத்தான் இருக்கும்.

கால்சியம் என்றதும் நெல்லைக்காரர்களுக்கு வேறொரு பொருள் ஞாபகம் வர வேண்டும். கருப்பட்டி. பனையில் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால்தான் பதநீர் கள்ளாகாமல் இருக்கும். அந்தச் சுண்ணாம்பு கால்சியம் ஹைட்ராக்சைடு. காய்ச்சிய கருப்பட்டியிலும் கால்சியத்தின் மிச்சம் இருக்கும். ஆக்ராவில் பேட்டா செய்கிறவர்கள் பூசணித் துண்டுகளைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைப்பது அவை பாகில் கரையாமல் நிற்பதற்காக; அதே கால்சியம், அதே பெக்டின். கருப்பட்டியில் உள்ள அளவு அவ்வளவு வலுவானதல்ல என்றாலும் துண்டுகளுக்குச் சாதகமானதுதான். வெள்ளைச் சர்க்கரையில் இல்லாத வேறொன்றும் அதில் இருக்கிறது: மெயார் வினைக்கு வேண்டிய எளிய சர்க்கரைகளும் புரதச் சிதைவுகளும். நிறமும் மணமும் சீக்கிரம் ஏறும். இங்கிலாந்துப் புத்தகங்கள் பழுப்புச் சர்க்கரை சேர் என்று சொல்லும் இடத்தில் உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டிப் போடுகிற வீட்டுக்கு நான் என் முழு வாக்கையும் அளிப்பேன்.

நறுக்கி வைத்த ஆப்பிள் கறுப்பது பற்றியும் இரண்டு வார்த்தை. செல்லுக்குள் பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி ஓர் அறையிலும், குளோரோஜெனிக் அமிலம் போன்ற பீனால்கள் வேறோர் அறையிலும் இருக்கின்றன. கத்தி இரண்டு அறைகளின் சுவரையும் உடைக்கிறது. காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்துகொள்ள, பழுப்பு நிறமி உருவாகிறது. எலுமிச்சைச் சாறு நொதியை அமிலத்தால் முடக்கும். அதில் உள்ள வைட்டமின் சி, பாதி வழி வந்த வினையைத் திருப்பி அனுப்பும். உப்புத் தண்ணீரும் நொதியைத் தடுக்கும். இந்த நொதியின் மரபணுவையே முடக்கிய ஆப்பிள் வகைக்கு அமெரிக்கா 2015இல் அனுமதி கொடுத்தது. அரை மூடி எலுமிச்சம்பழம் போதும் என்பது என் கருத்து. டெலிஷியஸுக்கு எலுமிச்சை வேறு காரணத்துக்காகவும் தேவை. 1785இல் ஷீலே என்ற சுவீடன் வேதியியலாளர் ஆப்பிள் சாற்றிலிருந்து பிரித்த மாலிக் அமிலம் இதில் 0.2, 0.3 சதவீதம்தான். சமையலுக்கென்றே வளர்க்கும் பச்சை ஆப்பிள்களில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கும். புளிப்பில்லாத ஆப்பிளைச் சர்க்கரையோடு வேகவைத்தால் வெறும் இனிப்புதான் மிஞ்சும். ஆப்ப சோடா பொங்குவதற்கும் அமிலம் வேண்டும்.

90 அடி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஆச்சியும் பேத்தியும் இருக்கிற வீட்டில் இது வேகும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கனத்த தோசைக்கல்லின் மேல் குக்கர். காலியாகவே பத்து நிமிடம் சூடேறியது. தகரத்தில் நெய்யும் கருப்பட்டியும் உருகி, நுரை கட்டி, மேலே அரைவட்டத் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து வட்டமாகக் கிடந்தன. பட்டைத்தூள், ஒரு சிட்டிகை சுக்கு. மாவு ஊற்றித் தகரத்தை உள்ளே இறக்கி மூடியதும், கொஞ்ச நேரத்தில் வெயிட் இல்லாத குழாயிலிருந்து மெல்லிய ஆவி வரத் தொடங்கியது.

இந்த முதல் கால் மணி நேர ஆவி நல்ல ஆவி. மாவின் குளிர்ந்த மேற்பரப்பில் படிந்து, இட்லியில் செய்ததையே செய்கிறது: சூட்டைக் கொட்டுகிறது, மேல்தோல் சீக்கிரம் இறுகாமல் காக்கிறது. அதற்குள் சோடாவின் கரியமில வாயு விரிந்து மாவைத் தூக்கிவிடும். பெரிய ரொட்டி ஓவன்களில் தொடக்கத்தில் வேண்டுமென்றே ஆவியைச் செலுத்துவது இதற்காகவே. 60 டிகிரிக்கு மேல் முட்டைப் புரதம் கட்டத் தொடங்கும். மைதா மாவுச்சத்து தண்ணீரை இழுத்து ஊதும். சர்க்கரை தண்ணீருக்குப் போட்டி போடுவதால் மாவுச்சத்து ஊதும் சூடு 80ஐத் தாண்டித் தள்ளிப்போகும். அப்போதுதான் கேக் எழும்பிய இடத்தில் நிற்கும். அதற்கு முன்னால் மூடியைத் திறந்தால் குளிர்காற்றில் வாயு சுருங்கி நடுவில் குழி விழும்.

பேத்திக்குப் பொறுமை இல்லை. “ஆச்சி, மணம் வந்துட்டு. தொறக்கட்டா?”

“பொறுட்டி. மணம் வந்தா வெந்துட்டுன்னு ஆரு சொன்னா? தண்ணி வத்தணும்.”

ஆச்சி கையை ஆவிக்குழாய்க்கு அருகே, சுடாத தூரத்தில் காட்டிக்கொண்டிருந்தார். ஆவி கனமாக வந்த வரைக்கும் அடுப்பைத் தொடவில்லை. அது மெலிந்ததும் தீயை இன்னும் கொஞ்சம் குறைத்தார். வெப்பமானி வைத்துச் செய்தாலும் இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆவி மெலிவது என்றால் பரப்பில் ஈரம் தீர்கிறது, 100 டிகிரிப் பூட்டு திறக்கிறது, இனி சிவப்பேறும், அசந்தால் கருகும் என்று அர்த்தம். மணமும் அந்தக் கட்டத்தில் மாறியது. பச்சை ஆப்பிளின் வாசனை எஸ்டர்கள் பறந்துபோய், வெந்த ஆப்பிளுக்கே உரிய பீட்டா டமாசினோன் போன்றவை மேலே வந்திருந்தன. ரோஜா எண்ணெயின் மணத்துக்கும் காரணமான பொருள் அது.

எரிவாயுக் கணக்கையும் போட்டுவிடலாம். கேக்கின் மொத்த எடை 700 கிராமை ஒட்டி. அதை 98 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 140 கிலோஜூல். வேகும்போது 70 கிராம் தண்ணீர் ஆவியாகிறது என்று வைத்தால் அதற்கு 158. பாதிக்கு மேல் தண்ணீரை விரட்டவே போகிறது, பாருங்கள். கூட்டினால் 300 கிலோஜூல். சிறு பர்னரைத் தணித்து 500 வாட் அளவில் ஐம்பது நிமிடம் எரித்தால் 1,500 கிலோஜூல், அதாவது 33 கிராம் எரிவாயு. ஐந்தில் ஒரு பங்குதான் கேக்குக்குப் போகிறது. மீதி அறையைச் சூடாக்குகிறது. ஆகஸ்டு மும்பையில் அதற்கு யாரும் நன்றி சொல்லப்போவதில்லை. ஆனாலும் 14.2 கிலோ சிலிண்டரில் இப்படி நானூறு கேக் செய்யலாம் என்பது மோசமான கணக்கல்ல.

பக்கத்துப் பேக்கரியில் கொடுத்துச் சுட்டு வாங்கலாமே என்று கேட்கலாம். மும்பையில் நான்கட்டாய் மாவையும் கிறிஸ்துமஸ் கேக் மாவையும் தட்டோடு பேக்கரிக்குக் கொண்டுபோய்ச் சுட்டு வாங்கும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. அங்குள்ள செங்கல் அடுப்பு ஒருமுறை விறகெரித்துச் சூடேறினால் மணிக்கணக்கில் இறங்காது. முதல் கொதிப்பில் பாவ், சூடு தணியத் தணிய மற்றவை. கேக்குக்குப் பிற்பகல் சூடுதான் தோது. 2025 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம், விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகள் ஆறு மாதத்துக்குள் தூய எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. மூச்சுக்காற்றுக்கு அது நல்லது. எரிவாயு ஓவன் வேண்டியபோது ஏறும், வேண்டாதபோது அணையும். பிற்பகலில் இனாமாகக் கிடந்த அந்தத் தணிந்த சூடு இனி இருக்காது.

தாராவியின் குயவர் குடியிருப்பான கும்பார்வாடாவின் மண் பாத்திரத்தில் செய்தால் என்ன? மண் சூட்டைக் கடத்துவது அலுமினியத்தைவிட நூறு மடங்குக்கும் மேல் மெதுவு. ஆக உப்புப் படுகையின் வேலையைப் பாத்திரமே செய்துவிடும். ஆப்பிளின் அமிலம் அலுமினியத்தை அரிப்பதுபோல் மண்ணை அரிக்காது. நேராகக் கூடுதல் தீயில் வைத்தால் மட்டும் ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாமல் வெடித்துவிடும். மெள்ளச் சூடேற்றினால் போதும். குக்கரைவிட இதுவே எனக்குப் பிடித்தது.

செய்து பார்க்கப்போகிறவர்களுக்கு: தண்ணீரில்லாமல் காலியாகச் சூடேற்ற வேண்டாம் என்று குக்கர் நிறுவனங்கள் எச்சரிக்கின்றன. அதில் நியாயம் இருக்கிறது. பாதுகாப்பு வால்வில் உள்ள உலோகக் கலவை குறைந்த சூட்டில் உருகும்படி செய்யப்பட்டது. வெறும் சூட்டில் அது உருகினால் அந்தக் குக்கரை மறுபடி அழுத்தத்தில் பயன்படுத்தக் கூடாது. கனமான அலுமினிய டோப்பும் பொருத்தமான மூடியும் இருந்தால் அதுவே போதும். ஜன்னலோ கதவோ திறந்திருக்கட்டும். சின்ன அறையில் முக்கால் மணி நேரம் எரியும் அடுப்புக்கும் உங்களுக்கும் காற்று ஒன்றுதான். இறக்கியதும் கவிழ்க்காதீர்கள். பத்து நிமிடம் விட்டால் கரைந்த பெக்டினும் பாகும் சேர்ந்து கொஞ்சம் கெட்டியாகும். அரை மணி நேரம் விட்டால் கருப்பட்டி தகரத்தோடு ஒட்டிக்கொள்ளும். பழத்தைச் செப்டம்பர், அக்டோபரில் வாங்குங்கள், அழுத்தினால் அமுங்காததாக. கிறிஸ்துமஸுக்குச் செய்வதாக இருந்து, கையில் இருப்பது மாவு தட்டிய டெலிஷியஸ் என்றால் கேக்கை மறந்துவிட்டு நெய் விட்டு அல்வா கிளறுங்கள். அந்தப் பழத்துக்கு அதுதான் சரி.